கண்மறைவு இடத்து லிம்போமா

அறுபது வயதைக் கடந்த ஆணின் விரையில் வலியில்லாத கட்டி ஒன்று திரண்டால், விரைப் புற்றுநோய் என்று நாம் வழக்கமாகக் கேள்விப்படும் நோயாக அது இருக்கும் வாய்ப்பு குறைவு. செமினோமா போன்ற கருவணுக் கட்டிகள் இளைஞர்களின் நோய்கள். இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில்தான் அவை அதிகம். அறுபதுக்கு மேல் விரையில் காணப்படும் புற்றுநோய்களில் முதலிடம் லிம்போமாவுக்கு. நோய் எதிர்ப்புக்காக உடல் வைத்திருக்கும் லிம்போசைட் என்ற வெள்ளையணுவே புற்றாக மாறி, விரையைத் தன் இருப்பிடமாக்கிக்கொள்கிறது. மொத்தக் கணக்கில் இது அரிய நோய்தான். ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாக்களில் 1 முதல் 2 சதவீதம், விரைக் கட்டிகள் அனைத்திலும் ஏறக்குறைய 5 சதவீதம். நோயாளிகளின் நடு வயது 66-68.

எண்ணிக்கையில் சிறியதானாலும் புற்றுநோய் மருத்துவர்களை இது நெடுங்காலமாகக் குழப்பி வந்திருக்கிறது. கட்டி இருந்த விரையை அறுத்து எடுத்தாயிற்று, ஸ்கேனில் வேறெங்கும் எதுவும் இல்லை, முதல் நிலை என்று கோப்பில் எழுதியாயிற்று. வேறு லிம்போமாவாக இருந்தால் நிம்மதியடையலாம். இங்கே, சில ஆண்டுகள் கழித்து மூளையில் அதே நோய் வருகிறது. அல்லது மறுபக்க விரையில் வருகிறது. இந்த இரண்டு இடங்களை அது ஏன் தேடிப் போகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்கத் தொடங்கியது கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில்தான். வகைப்பாட்டில் நோயின் இடம் மாறியதும், நோயாளிகளின் ஆயுள் நீண்டதும் அந்த விடையைச் சார்ந்தே நடந்தன.

விரையில் லிம்போமா வரும் என்று 1877இல் முதலில் விவரித்தவர் பிரெஞ்சு மருத்துவர் லூயி-சார்ல் மலசே. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா பூஞ்சைக்குப் பெயர் தந்தவரும் அவரேதான். அவருக்குப் பின் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் நோய்க்குறியியலாளர்கள் கையில் இருந்தது நுண்ணோக்கி மட்டுமே. செல்லின் வடிவத்தைப் பார்த்து அவர்கள் சூட்டிய பெயர் ரெட்டிகுலம் செல் சார்கோமா. அதே செல்களைச் செமினோமா என்று படித்துவிட்ட தவறுகளும் அக்காலத்தில் நிறைய நடந்தன. பெரிய கருவும் வட்ட வடிவமும் கொண்ட செல்கள் விரித்த பாய்போல் பரவிக் கிடந்தால், சாதாரணச் சாயத்தில் இரண்டையும் பிரித்தறிவது அனுபவசாலிக்கும் கடினம். பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு தடயம் உண்டு. லிம்போமா செல்கள் விந்து நுண்குழல்களை உடனே அழித்துவிடுவதில்லை. குழல்களுக்கு இடையிலான இணைப்புத் திசுவில் புகுந்து, அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிவைத்துக்கொண்டு வளரும். குழல்களுக்குள் நுழைவது பெரும்பாலும் அதற்குப் பிறகு. இன்று சி.டி.20, சி.டி.45, பாக்ஸ்5 ஆகிய புரதங்களுக்கான நிறமேற்றல் லிம்போமாவை உறுதிசெய்கிறது, ஆக்ட்3/4 செமினோமாவைக் காட்டிக்கொடுக்கிறது. இரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோ புரதமும் பீட்டா எச்.சி.ஜி.யும் இயல்பாக இருப்பது இன்னொரு குறிப்பு. எல்.டி.எச். மட்டும் சிலருக்கு உயர்ந்திருக்கும்.

நோயறிதலும் முதல் சிகிச்சையும் ஒரே அறுவையில் முடிகின்றன. தொடையிடுக்கு வழியாகத் திறந்து, விந்து நாளத்தோடு சேர்த்து விரையை முழுதாக எடுப்பதே முறை. விரைப்பையைக் குத்தி ஊசி பயாப்சி எடுப்பதைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். விரையின் நிணநீர் வயிற்றுக்குள் பெருந்தமனி ஓரத்து நிணமுடிச்சுகளுக்குப் போகிறது, பையின் தோல் நிணநீரோ தொடையிடுக்குக்கு வருகிறது. பையைக் கிழித்தால் நோய்க்குப் புது வழி திறந்துவிட்டதாக ஆகும் என்பது கருவணுக் கட்டிகளிலிருந்து வந்த பாடம். கட்டி எது என்று தெரியாத நிலையில் அறுவை நடப்பதால் அதே எச்சரிக்கை இங்கும் பின்பற்றப்படுகிறது.

தமிழ் வாசகர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். யானைக்கால் கிருமியால் வரும் ஓதம், அதாவது விரைவீக்கம், காவிரி டெல்டா உள்ளிட்ட பகுதிகளில் தலைமுறைகளாகப் பழகிய நோய். பெரியவர் ஒருவருக்கு அங்கே வீக்கம் என்றால் ஓதம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது வீட்டாருக்கு எளிது, அவருக்கும் அதைப் பற்றிப் பேசக் கூச்சம். லிம்போமா வந்த விரையைச் சுற்றியும் நீர் கோத்துக்கொள்ளலாம் என்பது சிக்கலை இன்னும் கூட்டுகிறது. கையால் தடவிப் பார்த்து முடிவுசெய்ய முடியாததை ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சில நிமிடங்களில் பிரித்துச் சொல்லிவிடும். நீர் வேறு, திடக் கட்டி வேறு.

இனி வகைகள். விரையில் தோன்றும் லிம்போமாக்களில் 80 முதல் 90 சதவீதம் பரவிய பெரிய பி செல் லிம்போமா. இக்கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். மீதமுள்ளவை பல திசைகளில் சிதறிக் கிடக்கின்றன. பர்க்கிட் லிம்போமாவும் லிம்போபிளாஸ்டிக் லிம்போமாவும் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் வருகின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் விரை லிம்போமா இளைய வயதில் வருகிறது, வேகமாகவும் வளர்கிறது. பிளாஸ்மாபிளாஸ்டிக் என்ற வகை அவர்களிடம் காணப்படுவதுண்டு. எப்ஸ்டீன்-பார் வைரஸோடு பிணைந்த என்.கே./டி செல் லிம்போமா மூக்கில் தோன்றுவதற்குப் பெயர்போனது, விரையிலும் வரும். கிழக்கு ஆசியாவில் அதிகம் பதிவாகும் அந்த வகையின் விளைவு மிக மோசம், வாழ்நாளை மாதங்களில் எண்ண வேண்டியிருக்கும்.

இந்தச் சிதறலில் சற்று நின்று பார்க்க வேண்டியது சிறுவர்களின் ஃபாலிக்குலர் லிம்போமா. நுண்ணோக்கியில் உயர்தரப் புற்றுபோல, பயமுறுத்தும் தோற்றத்தில் இருக்கும். பெரியவர்களின் ஃபாலிக்குலர் லிம்போமாவுக்கு அடையாளமான பி.சி.எல்.2 மரபணு இடமாற்றம் மட்டும் இதில் இராது. நோய் விரையைத் தாண்டுவதும் அரிது. விரையை எடுத்ததோடு குணமான குழந்தைகளின் விவரங்கள் மருத்துவ இதழ்களில் தொடர்ந்து வந்ததால், உலக சுகாதார நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு வகைப்பாட்டு நூல் இதைத் தனி வடிவமாக ஏற்றுக்கொண்டது. ஒரே உறுப்பு. அதில் வரும் ஒன்று கத்தியோடு முடிந்துவிடுகிறது, இன்னொன்று கத்திக்குப் பின் பத்தாண்டுகள் கழித்தும் மூளையில் முளைக்கிறது. ஆகவே உறுப்பின் பெயரை மட்டும் சொல்வது நோயாளிக்கு எதையும் சொல்வதாகாது. ஏழு வயதுப் பையனுக்கும் எழுபது வயதுத் தாத்தாவுக்கும் ஒரே சீட்டு எழுதினால் ஒருவருக்கு மருந்து மிகை, மற்றவருக்குக் குறை.

உறுப்பு போதாது என்றால் செல் போதுமா? இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியின் பெரும்பகுதியில் வகைப்பாட்டாளர்கள் போதும் என்றே நம்பினார்கள். ரப்பபோர்ட்டின் பட்டியலும், 1974இல் கார்ல் லென்னெர்ட் குழுவினர் வகுத்த கீல் முறையும், 1982இன் வொர்க்கிங் ஃபார்முலேஷனும் செல்லின் உருவத்தையும் சிலவற்றில் அதன் பிறப்பையும் பார்த்தன. அது எங்கே குடியிருக்கிறது என்பதை அடிக்குறிப்பாகவே வைத்தன. 1994இல் வந்த ரியல் வகைப்பாடு உருவம், நோயெதிர்ப்புக் குறிகள், மரபணு, மருத்துவ நடத்தை ஆகிய நான்கையும் சேர்த்து நோயை வரையறுக்க வேண்டும் என்றது. 2001இல் உலக சுகாதார நிறுவனம் அந்தக் கொள்கையை எடுத்துக்கொண்டது. அப்போதும் விரை லிம்போமா பெரிய பி செல் கூட்டத்துக்குள் முகமற்ற ஒன்றாகவே இருந்தது. மூளையில் தோன்றுவதற்கு 2008இல் தனி இடம் கிடைத்தது. விரைக்கு அதற்குப் பின்னும் கிடைக்கவில்லை.

குடியிருப்பிடம் ஏன் முக்கியம் என்பதற்கான சிந்தனை புற்றுநோயியலுக்கு வெளியிலிருந்து வந்தது. 1948இல் பீட்டர் மெடாவர் ஒரு முயலின் தோலை இன்னொரு முயலின் மூளையிலும் கண்ணின் முன் அறையிலும் ஒட்டிப் பார்த்து, உடலின் மற்ற இடங்களில் நிராகரிக்கப்படும் ஒட்டு அங்கே எந்தச் சூழலில் தப்பிப் பிழைக்கிறது என்று ஆராய்ந்தார். நோயெதிர்ப்புச் சலுகை பெற்ற இடங்கள் என்ற கருத்து அதிலிருந்து கிளைத்தது. விரையும் அப்படிப்பட்ட இடம்தான், அதற்குத் தெளிவான காரணமும் இருக்கிறது. பிறந்த புதிதிலேயே உடல் தன்னுடைய புரதங்களை அடையாளம் கற்றுக்கொள்கிறது. விந்தணுவோ பருவமடைந்த பிறகே உருவாகிறது. உடலுக்கு அது தாமதமாக வந்த அந்நியன். அதைத் தன் காவல் படையே தாக்காமலிருக்க, விரை பலவகைத் தடைகளை வைத்திருக்கிறது. 1865இல் என்ரிக்கோ செர்டோலி விவரித்த தாங்கு செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து குழலின் உட்புறத்தை இரத்தத்திலிருந்து மறிக்கின்றன. சுற்றியுள்ள திசு முழுதும் அழற்சியை அடக்கும் வேதிச் சூழலில் இருக்கிறது.

கீமோ மருந்து விரைக்குள் போகாததால்தான் நோய் மறுபக்கத்தில் தங்கிவிடுகிறது என்று பாடநூல்கள் சொல்வதும் இந்தத் தடையை வைத்துத்தான். எனக்கு அந்த விளக்கம் அரைகுறையாகவே படுகிறது. தடை இருப்பது குழல் சுவரில். லிம்போமா முதலில் வளர்வதோ குழலுக்கு வெளியே, இரத்தம் தாராளமாக ஓடும் இணைப்புத் திசுவில். மருந்து எட்டவில்லை என்பதைவிட, காவல் படை கண்டுகொள்ளவில்லை என்பதற்கே சான்று வலுவாக இருக்கிறது.

அந்தச் சான்று 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்திலிருந்து வந்தது. மூளையிலும் விரையிலும் தோன்றிய லிம்போமாக்களில் எச்.எல்.ஏ. மரபணுப் பகுதி பெருமளவு சிதைந்திருப்பதை அங்கிருந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். செல்லுக்குள் நடப்பதை டி செல்களுக்கு எடுத்துக்காட்டும் மூலக்கூறு எச்.எல்.ஏ. அதைத் தொலைத்த செல் டி செல்லின் பார்வையில் படாது. சலுகை பெற்ற இடத்தில் பிறந்ததோடு நிற்காமல், தனக்கென்று ஒரு மறைவையும் இந்தச் செல் உண்டாக்கிக்கொள்கிறது. பின்னர், ஒன்பதாவது குரோமோசோமின் ஒரு பகுதி பெருகியோ உடைந்து இடம்மாறியோ பி.டி.எல்.1, பி.டி.எல்.2 புரதங்கள் மிகையாவதும் இந்த நோயாளிகள் பலரிடம் தெரியவந்தது. எதிரே வரும் டி செல்லின் கையைக் கட்டும் புரதங்கள் இவை. கட்டிக்குள் டி செல்கள் போதுமான அளவு ஊடுருவியிருந்த நோயாளிகள் நீண்ட நாள் வாழ்ந்ததாக ஃபின்லாந்து ஆய்வாளர்கள் கண்டதும் இதோடு பொருந்துகிறது.

மரபணு வரிசைப்படுத்தல் கைக்கு வந்ததும் குடும்ப உறவு இன்னும் துலங்கியது. எம்.ஒய்.டி.88 என்ற புரதத்தின் 265ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் உட்கார்ந்துவிடும் திடீர்மாற்றம், விரை லிம்போமாக்களில் பத்தில் ஏழு என்ற அளவில் காணப்படுகிறது. பி செல் ஏற்பியின் பகுதியான சி.டி.79பி-யும் கணிசமானவர்களிடம் மாறியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து என்.எஃப். கப்பா பி என்ற சமிக்ஞைப் பாதையை அணையா விளக்காக எரியவைக்கின்றன. செல் சாக மறுக்கிறது. சாதாரணப் பரவிய பெரிய பி செல் லிம்போமாவில் இந்தச் சேர்க்கை சிறுபான்மை. மூளை லிம்போமாவில் பெரும்பான்மை. 2018இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே பெரிய பி செல் லிம்போமாக்களை மரபணு வழியே பிரித்தன. ஒன்று இதை எம்.சி.டி. என்றது, மற்றது ஐந்தாம் கொத்து என்றது. விரையும் மூளையும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. விரையில் தொடங்கிய நோய் மூளைக்குப் போவதைப் பரவல் என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. தன்னை யாரும் கேட்காத இடத்தில்தான் அந்தச் செல்லுக்கு வாழத் தெரியும்.

இந்த அறிவெல்லாம் 2022இல் வகைப்பாட்டுக்குள் வந்தது. வந்தது இரட்டையாக என்பதுதான் வேடிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பு, மூளை, கண் விழித்திரைப் பகுதி, விரை மூன்றையும் நோயெதிர்ப்புச் சலுகை இடங்களின் பெரிய பி செல் லிம்போமா என்ற ஒரே குடையின் கீழ் வைத்தது. முந்தைய பதிப்புகளில் பங்கெடுத்த நிபுணர்களில் பலர் பிரிந்துபோய் வெளியிட்ட சர்வதேச ஒருமித்த வகைப்பாடு, விரைக்குரியதைத் தனி நோயாகவும் மூளைக்குரியதைத் தனி நோயாகவும் எழுதியது. ஒரே ஆண்டில், ஒரே சான்றுகளைப் படித்து, இரண்டு பட்டியல்கள். ஆய்வகம் எந்த நூலைப் பின்பற்றுகிறதோ அதைப் பொறுத்து நோயாளியின் அறிக்கையில் பெயர் மாறும்.

எது சரி? உயிரியலில் குடை சரி, சிகிச்சையில் பிரிப்பு சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. மூளை லிம்போமாவுக்கு அதிக அளவில் தரும் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தே முதுகெலும்பு. விரை லிம்போமாவுக்கு ரிடக்சிமாப் சேர்ந்த ஆர்-சாப் என்ற கூட்டு மருந்து முதுகெலும்பு. இரண்டையும் ஒன்றாக எழுதினால் இளம் மருத்துவர் தடுமாறுவார். குடையிலும் ஓட்டை இருக்கிறது. எம்.சி.டி. மரபணுக் கையெழுத்து மார்பகத்தில் தோன்றும் பெரிய பி செல் லிம்போமாவிலும், வயதானவர்களின் காலில் வரும் தோல் லிம்போமாவிலும், இரத்த நாளங்களுக்குள்ளேயே வளரும் அரிய வகையிலும் கிடைக்கிறது. கால் தோலை யாரும் நோயெதிர்ப்புச் சலுகை இடம் என்று சொல்வதில்லை. மறுபுறம், விரையில் வரும் எல்லாக் கட்டிகளிலும் அந்தக் கையெழுத்து இல்லை. இடத்தை வைத்துப் பிரித்தால் மரபணு வெளியே வழிகிறது, மரபணுவை வைத்துப் பிரித்தால் இடம் உடைகிறது.

இதைவிட அன்றாடச் சிக்கல் ஒன்று உண்டு. விரையிலேயே தோன்றியது எது, வேறெங்கோ தோன்றி விரைக்கு வந்தது எது? முதல் அறிகுறி விரைக் கட்டியாக இருக்க வேண்டும், நோயின் பெரும்பகுதி அங்கே இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. பரவிய நான்காம் நிலையில் ஒருவர் வந்தால் அந்த விதி மங்கிவிடுகிறது. சில ஆய்வுகள் அவர்களைச் சேர்த்தன, சில முதல் இரண்டு நிலைகளை மட்டும் எடுத்தன. ஒரே சமயத்தில் இரண்டு விரைகளிலும் நோய் இருப்பவரை எந்த நிலையில் சேர்ப்பது என்பதிலும் வேறுபாடு இருந்தது. இன்று முதல் நிலையிலேயே வைப்பது பெரும்பான்மை வழக்கம். விளைவு எண்களைப் படிக்கும்போது இதை மறந்தால் ஆப்பிளையும் ஆரஞ்சையும் சேர்த்துக் கூட்டிய கணக்குதான் கிடைக்கும்.

எண்களுக்கு வருவோம். டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையம் தன்னிடம் வந்த 75 நோயாளிகளைக் காலவாரியாகப் பிரித்து 2010இல் வெளியிட்ட கணக்கு சுருக்கமானது, அதிர்ச்சி தருவது. 1970களின் நடுப்பகுதிவரை வந்தவர்களில் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம். ஆந்த்ராசைக்ளின் சேர்ந்த கீமோ வழக்கமான பின், நூற்றாண்டின் இறுதிவரை, 56 சதவீதம். 2000க்குப் பின் 87 சதவீதம். இந்த ஏற்றத்தில் எல்லோரும் மகிழ்வார்கள். அதே கட்டுரையில் நோய் திரும்பாமல் இருந்தவர்களின் விகிதம் கடைசி இரண்டு காலங்களில் 52இலிருந்து 59 சதவீதத்துக்கு மட்டுமே நகர்ந்தது. உயிர்வாழ்வு கூடிய வேகத்தில் நோயின் மீள்வரவு குறையவில்லை. திரும்பிய நோயைக் கையாளவும் மருத்துவம் கற்றுக்கொண்டிருந்தது என்றுதான் இதைப் படிக்க முடியும்.

இந்தத் துறையின் அடித்தள ஆவணம் 2003இல் வந்தது. சுவிட்சர்லாந்தின் பெல்லின்சோனாவை மையமாகக் கொண்ட சர்வதேச நிணமுடிச்சுப்புற லிம்போமா ஆய்வுக் குழு, எமானுவேலே சுக்கா தலைமையில் பல நாட்டு மருத்துவமனைகளின் 373 நோயாளிகளைத் திரட்டியது. நடு உயிர்வாழ்வு 4.8 ஆண்டுகள். 52 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது, அதில் பெரும்பகுதி நிணமுடிச்சுகளுக்கு வெளியே. 56 பேருக்கு மைய நரம்பு மண்டலத்தில் வந்தது, சிலருக்குப் பத்தாம் ஆண்டிலும். விரைப்பைக்குக் கதிர்வீச்சு பெறாதவர்களில் மறுபக்க விரையில் நோய் வந்தோர் மூன்றாம் ஆண்டில் 15 சதவீதம், பதினைந்தாம் ஆண்டில் 42 சதவீதம். பொதுவாக ஆபத்து சில ஆண்டுகளில் வடிந்து வரைகோடு சமதளமாகும். அந்தச் சமதளத்தில் நிற்பவர்களையே குணமானவர்கள் என்கிறோம். இந்த 373 பேரின் கோடு சமதளத்தை எட்டவே இல்லை. அவர்கள் காலத்தில் ரிடக்சிமாப் பரவலாக இல்லை, விரைப்பைக் கதிர்வீச்சு பெற்றவர்கள் 36 சதவீதம், முதுகுத்தண்டு நீரில் மருந்து பெற்றவர்கள் 18 சதவீதம் மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆந்த்ராசைக்ளின், கதிர்வீச்சு, முதுகுத்தண்டு மருந்து மூன்றும் பெற்றவர்களின் நிலை மேலாக இருந்தது. அமெரிக்காவின் சீர் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து 1980 முதல் 2005வரை எடுத்த 769 பேரின் நடு உயிர்வாழ்வும் 4.6 ஆண்டுகளாக, ஏறக்குறைய அதே இடத்தில் வந்து நின்றது.

அடுத்த ஆய்வு அந்த மூன்று பாடங்களையும் ஒரே கட்டாகக் கட்டியது. அதே குழு 2011இல் உம்பெர்த்தோ விட்டோலோ பெயரில் வெளியிட்ட முடிவில், முதல் இரண்டு நிலையிலிருந்த 53 பேர் 6 முதல் 8 சுற்று ஆர்-சாப், முதுகுத்தண்டு நீரில் நான்கு முறை மெத்தோட்ரெக்சேட், மறுபக்க விரைக்கு 30 கிரே கதிர்வீச்சு மூன்றையும் பெற்றார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 85 சதவீதம், நோய் முன்னேறாமல் 74 சதவீதம். மறுபக்க விரையில் ஒருவருக்குக்கூட நோய் திரும்பவில்லை. அந்த ஒரு கேள்வி அங்கே முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். கதிர்வீச்சு எளியது, மலிவானது. விலையாக மலட்டுத்தன்மை உறுதி. டெஸ்டோஸ்டிரோன் சுரப்பும் பலருக்குக் குறையும். சோர்வு, எலும்புத் தேய்வு, மனச்சோர்வு என்று அது வெளிப்படும்போது வயசாகிவிட்டது என்று தள்ளிவிடாமல் ஹார்மோனைச் சோதித்து ஈடுகட்ட முடியும். வயதானவருக்கு இதெல்லாம் எதற்கு என்று மருத்துவமனைகளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, செயலில் சொல்லிவிடுகிறார்கள்.

மூளை அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. அந்த 53 பேரில் மூவருக்கு மைய நரம்பு மண்டலத்தில் நோய் வந்தது, ஐந்தாண்டுக் கணக்கில் 6 சதவீதம். முதுகுத்தண்டு நீரில் செலுத்தும் மருந்து மூளை உறைகளை நனைக்கும், மூளைத் திசுவின் ஆழத்துக்குப் போவது மிகக் குறைவு. விரை லிம்போமா மூளைக்குப் போகும்போது பெரும்பாலும் அந்த ஆழத்தில்தான் குடியேறுகிறது. அதனால் அடுத்த ஆய்வில், இரத்த நாளம் வழியேயும் மெத்தோட்ரெக்சேட் சேர்க்கப்பட்டது. உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 1.5 கிராம், இரண்டே முறை. மூளை லிம்போமாவுக்குத் தரப்படும் 3, 3.5 கிராம் அளவை எழுபது வயதுச் சிறுநீரகம் தாங்காது என்பதால் அளவோடு நிறுத்தினார்கள். கூடவே முதுகுத்தண்டில் கொழுப்புறையிட்ட சைட்டராபின். 2024இல் கொன்கோனி முதலியோர் வெளியிட்ட அந்த முடிவில், 54 பேரில் ஒருவருக்கும் மூளையில் நோய் வரவில்லை. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 92 சதவீதம், நோய் முன்னேறாமல் 91 சதவீதம்.

இந்த எண்ணைக் கேட்டு எழுந்து கைதட்டும் முன் சிலவற்றைச் சொல்ல வேண்டும். இதில் ஒப்பீட்டுப் பிரிவு கிடையாது. சேர்ந்தவர்கள் முதல் இரண்டு நிலையினர், மெத்தோட்ரெக்சேட்டைத் தாங்கும் உடல் உள்ளவர்கள். ஊரிலுள்ள எல்லா நோயாளிகளின் பிரதிநிதிகள் அல்லர். கொழுப்புறையிட்ட சைட்டராபினின் தயாரிப்பு 2017இலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே இந்த முறையை அப்படியே இன்று எங்கும் திரும்பச் செய்ய முடியாது. தடுப்புக்காகத் தரும் மெத்தோட்ரெக்சேட் மீதே சந்தேகமும் வலுத்திருக்கிறது. மூளைக்குப் பரவும் ஆபத்து மிகுந்த பெரிய பி செல் லிம்போமா நோயாளிகள் 2,400க்கும் மேற்பட்டவர்களைப் பின்னோக்கி ஆராய்ந்த 2023ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஆய்வில், முதல் சிகிச்சையில் முழு நிவாரணம் அடைந்தவர்களை மட்டும் ஒப்பிட்டபோது அந்த மருந்தின் பயன் புள்ளியியல் ரீதியாக உறுதிப்படவில்லை. விரை லிம்போமா அக்கூட்டத்தில் ஒரு பகுதிதான். அதற்குப் பொருந்துமா என்று தனியாகக் கேட்க வேண்டும். எழுபது வயதும் சுமாரான சிறுநீரகமும் உள்ளவருக்கு மெத்தோட்ரெக்சேட்டைத் தவிர்க்கும் மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். அறுபதில், திடமான உடலோடு இருப்பவருக்கு அதைத் தராத மருத்துவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

இந்த விளைவுகளில் இந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு, அது விலையில் இருக்கிறது. ஆர்-சாப் என்பதில் முதலெழுத்தான ரிடக்சிமாப் 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, இங்கே அது பணக்காரர்களுக்கான மருந்து. 2007இல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் ரெடிடக்ஸ் என்ற பெயரில் அதன் ஒப்புருவை வெளியிட்டது. வேறு நிறுவனங்களும் வந்தன, விலை இறங்கியது. ரிடக்சிமாப் தருவதற்கு முன் ஹெப்படைட்டிஸ் பி சோதனை கட்டாயம் என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. உடலில் உறங்கும் வைரஸை இந்த மருந்து எழுப்பிவிடும். லிம்போமா குணமான பின் கல்லீரல் செயலிழந்து இறப்பது தவிர்க்கக்கூடிய மரணம்.

திரும்பிய நோய்க்கு என்ன செய்வது என்பதில் நம்பிக்கை மரபணுவிலிருந்து வருகிறது. எம்.ஒய்.டி.88, சி.டி.79பி இரண்டும் அனுப்பும் சமிக்ஞைகள் பி.டி.கே. என்ற நொதியைக் கடந்து போகின்றன. அதை அடைக்கும் இப்ரூடினிப் மாத்திரை மூளைக்குள்ளும் நுழைகிறது. ஆர்-சாப்போடு இப்ரூடினிப் சேர்த்த ஃபீனிக்ஸ் சோதனை மொத்தத்தில் தோற்றது. பின்னர் மரபணு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அறுபதுக்குக் கீழ்ப்பட்ட எம்.சி.டி. வகையினர் மிக நன்றாக இருந்தது தெரிந்தது. விரை லிம்போமா நோயாளிகளோ பெரும்பாலும் அறுபதுக்கு மேற்பட்டவர்கள். அந்த வயதில் அந்தச் சேர்க்கை பக்க விளைவுகளால் கீமோவையே முழுதாக முடிக்கவிடவில்லை. மருந்து பொருந்துபவருக்கு வயது பொருந்தவில்லை. பி.டி.எல்.1 பெருக்கத்தைக் குறிவைத்து பாஸ்டன் ஆய்வாளர்கள் 2017இல் ஐந்து பேருக்கு நிவோலுமாப் கொடுத்தார்கள். நால்வர் மூளை லிம்போமாக்காரர்கள், ஒருவர் விரையில் தொடங்கி மூளைக்குத் திரும்பியவர். ஐவருக்கும் பலன் தெரிந்தது. ஐந்து பேரை வைத்துச் சிகிச்சை முறை எழுத முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

2024ஆம் ஆண்டு முடிவில் நோயாளிகளைக் கண்காணித்த நடுக்காலம் 6 ஆண்டுகள். பழைய 373 பேரின் தொகுப்பில் மூளைக்கு நோய் வந்தது பத்தாம் ஆண்டுவரை நீண்டது, மறுபக்க விரைக்கு அதையும் தாண்டி. 91 சதவீதம் என்ற எண் சமதளமா, நீண்ட சரிவின் மேல்முனையா என்பது அந்த 54 பேரின் பத்தாண்டுக் கணக்கு வரும்போது தெரியும். அதுவரை, ஐந்தாண்டு முடிந்ததும் நோயாளியின் கோப்பை மூடும் வழக்கம் இந்த ஒரு லிம்போமாவுக்குப் பொருந்தாது. ஏழாம் ஆண்டில் பெயர்களை மறக்கத் தொடங்கும் முதியவருக்கு, மறதி நோய் என்று எழுதும் முன் ஓர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும்.